நான்கு படிகங்களில் இரண்டு

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் ஷத்லியா கம்மூனைத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. ஷத்லியாவுக்கோ மூவாயிரம் பேரைத் தெரியும். அவர்களில் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைகள், புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் நிலவறைகள், எண்ணெய்க் குழாயின் வெல்டிங்கைக் காமாக் கதிரால் படம் பிடித்துச் சோதிக்கும் கம்பெனிகள் என்று எங்கெங்கோ வேலை செய்கிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் பிளாஸ்டிக் பேட்ஜ்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவள் மேசைக்கு வந்து சேரும். ஒவ்வொரு பேட்ஜுக்குள்ளும் அரிசிக் குருணை அளவில் நான்கு வெள்ளைப் படிகங்கள். கதிர் பட்டால் அவை வெளியே எதையும் காட்டாது. பட்டதை உள்ளே வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும். நன்றாகச் சூடாக்கினால் பூட்டியதையெல்லாம் ஒளியாக விட்டுவிடும். கண்ணால் பார்க்க முடியாத மங்கல் ஒளி. அதை எண்ணுவதற்கென்று இயந்திரத்துக்குள் ஒரு குழல் இருக்கிறது. எவ்வளவு ஒளியோ அவ்வளவு கதிர். ஒருமுறை படித்து முடித்தால் படிகம் சகலத்தையும் மறந்துவிடும். மறுபடி கேட்டால் பதில் வராது.

இந்தப் படிகங்களைப் படிப்பதுதான் ஷத்லியாவின் வேலை. ஆய்வகத்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம்.

கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவள் அப்பா கடலில் போய்விட்டார். கடற்பஞ்சு எடுக்கப் போன படகு திரும்பி வந்தது, அவர் வரவில்லை. கீழே இரண்டு தம்பிகள். படிப்பை விட்டுவிட்டு ஆய்வகத்தில் படிகம் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தாள். கழுவுவது, அடுப்பில் நானூறு டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துப் பழைய நினைவையெல்லாம் துடைப்பது, சிறு இடுக்கியால் எடுத்துத் தட்டில் அடுக்குவது. விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப்பசைகூட சூட்டில் பொய் ஒளி காட்டும். அந்தப் பழக்கம் அவளுக்குக் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மொபெட் பழுதுபார்க்கும் அவள் கணவன் ஹமாதி, வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வான்: "எங்க வீட்டம்மா கொண்டைக்கடலை சூப் குடிக்கிறதைப் பாக்கணுமே. கடலையை ஒண்ணொண்ணா எண்ணி, கிள்ளி எடுத்துத்தான் வாயில போடுவா. நான் மூணு கிண்ணம் முடிச்சிருப்பேன், அவ மூணாவது கடலைக்கு வந்திருப்பா."

மூன்று வருடத்தில் இயந்திரத்தில் உட்கார வைத்தார்கள். ஐந்து வருடத்தில், இயந்திரத்தை விற்ற கம்பெனி ஆள் வந்தால் அவளைக் கேட்டுத்தான் திருகாணியைத் தொடுவான் என்ற நிலை வந்தது. மற்றவர்கள் திரையில் வரும் எண்ணைப் பார்ப்பார்கள். ஷத்லியா வளைகோட்டைப் பார்ப்பாள். படிகம் சூடாகச் சூடாக ஒளி ஏறி இறங்குவதை இயந்திரம் ஒரு கோடாக வரையும். உண்மையான கதிர் என்றால் அது மழையில் நனைந்து உருண்ட குன்று மாதிரி வரும். தூசி என்றால் கடைசியில் முள்ளாகக் குத்தும். எண் ஒன்றாகவே இருக்கும், கோடு வேறாக இருக்கும். கோட்டைப் பார்த்து அவள் எத்தனையோ பேருடைய வேலையைக் காப்பாற்றியிருக்கிறாள். அவர்களுக்கு அது தெரியாது. எல்லா அறிக்கையிலும் ஆய்வகத் தலைவரின் கையெழுத்து மட்டும்தான் இருக்கும்.

தொண்ணூற்றெட்டாம் வருடம் டிசம்பர் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை. நோன்பு மாதம் பிறக்க இன்னும் பத்துப் பதினைந்து நாள். ஜெபினியானா ஊர் மருந்தகத்துப் பேட்ஜ்கள் தட்டில் இருந்தன. ஸ்ஃபாக்ஸுக்கு வடக்கே ஆலிவ் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். எக்ஸ்ரே எடுப்பவர் ஒரே ஒருவர்தான், லஸ்ஹர். அவரை ஷத்லியா முகம் தெரியாமலே மதித்து வைத்திருந்தாள். மற்றவர்கள் பேட்ஜில் காபிக் கறை இருக்கும், பல் கடித்த தடம்கூட இருக்கும். லஸ்ஹரின் பேட்ஜ் மட்டும் வெள்ளைத் துணியில் தைத்த சின்ன உறைக்குள் வரும். அவர் பேட்ஜ் அவளிடம் வரத் தொடங்கி ஒன்பது வருடம், அவர் எண் மாறியதே இல்லை. வானத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் எல்லோருக்கும் வருகிற அளவு, அதற்கு மேல் ஒரு துளி.

முதல் படிகம் சூடேறியது. கோடு ஏறத் தொடங்கியது. ஏறிக்கொண்டே போனது. ஷத்லியா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். பதினான்கு மில்லிசீவர்ட். ஓர் ஊழியர் ஒரு வருடம் முழுக்கப் பெறலாம் என்று சட்டம் அனுமதிப்பதே இருபதுதான். இவர் இரண்டு மாதத்தில் பதினான்கு வாங்கியிருக்கிறார். கோட்டில் முள் இல்லை. அவள் பார்த்ததிலேயே அழகான குன்று.

இரண்டாவது படிகம் செப்புத் தகட்டுக்குக் கீழே இருப்பது. எக்ஸ்ரே என்றால் செப்பு பெரும்பகுதியைத் தடுத்துவிடும், எண் விழுந்துவிடும். விழவில்லை. அதே பதினான்கு.

மூன்றாவது படிகத்தை எடுக்க இயந்திரத்தின் கை நீண்டது. ஷத்லியா சட்டென்று தட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். இயந்திரம் கீச்சென்று கத்தி நின்றது.

பக்கத்து அறையிலிருந்து ஆய்வகத் தலைவர் அன்வர் திரீக்கி எட்டிப் பார்த்தார். முப்பத்துநான்கு வயது. பிரான்சில் பெரிய படிப்பு படித்து வந்தவர். கெட்டிக்காரர், கொஞ்சம் அவசரக்காரர்.

"என்ன மேடம் ஷத்லியா, மெஷின் அழுவுது?"

"நான்தான் நிறுத்தினேன், டாக்டர். இதைப் பாருங்க."

பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "பேட்ஜை எக்ஸ்ரே மேசையிலயே வெச்சுட்டுப் போயிருப்பாரு. மாசத்துக்கு ரெண்டு பேர் இப்படிப் பண்றாங்க. வழக்கமான கடிதம் அனுப்பிடுங்க."

"எக்ஸ்ரேயில அது நடக்காது. செப்புக்குக் கீழயும் அதே அளவு. செப்பைச் சல்லடை மாதிரி நினைச்சு உள்ள வந்திருக்கு. இது காமா."

"மருந்தகத்துல காமா எங்கிருந்து வரும்? மெஷின் கோளாறா இருக்கும்."

"இதே தட்டுல நர்ஸ் பேட்ஜ், டாக்டர் பேட்ஜ், ரெண்டும் முன்னாடியே படிச்சாச்சு. சரியா இருக்கு. நம்பலைன்னா மீதி ரெண்டுல ஒண்ணைப் பழைய மெஷின்ல நீங்களே போட்டுப் பாருங்க. அதுக்குத்தான் நிறுத்தினேன். நாலையும் படிச்சிருந்தா இப்ப உங்ககிட்ட காட்ட என்கிட்ட ஒரு எண்ணைத் தவிர எதுவும் இருந்திருக்காது."

அன்வர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு இடுக்கியை வாங்கிக்கொண்டு பழைய இயந்திரத்தருகே போனார். பதினான்கு வந்தது. உடனே மருந்தகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். லஸ்ஹர் ஆலிவ் பறிக்க விடுப்பு எடுத்து வீட்டில் இருக்கிறார் என்றாள் நர்ஸ்.

"சரி. நம்ம வண்டியும் ஆளுங்களும் கஃப்ஸாவுல இருக்காங்க. சனிக்கிழமை வந்துடுவாங்க. வந்ததும் அனுப்பி வெக்கிறேன்," என்றார்.

ஷத்லியா நாற்காலியை விட்டு எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவர்கிட்ட பேட்ஜ் இருக்கு, டாக்டர். அதனால நமக்குத் தெரிஞ்சுது. அவர்கூட இருக்கிறவங்ககிட்ட பேட்ஜ் இல்லையே. சனிக்கிழமை வரைக்கும் அவங்க என்ன பண்ணுவாங்க?"

அன்வர் மேசையில் இருந்த சாவியை எடுத்தார். "என்னோட வண்டி பழசு. நடுவுல நின்னா நீங்கதான் தள்ளணும்."

"என் புருஷன் மெக்கானிக். தள்ளிப் பழக்கம்தான்."

கையடக்கமான கதிர் அளவி, கொஞ்சம் ஈயத் தகடு, ஒரு நோட்டு. இதோடு கிளம்பினார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஷத்லியா வேலைக்காக ஆய்வக வாசலைத் தாண்டியது அன்றுதான். மடியில் இருந்த அளவி வழிநெடுக டிக், டிக் என்று நிதானமாகச் சொட்டிக்கொண்டு வந்தது. அது வானமும் மண்ணும் கொடுக்கும் வழக்கமான சொட்டு. அந்தச் சத்தம் அவளுக்குத் தைரியமாக இருந்தது.

மருந்தகத்தில் எக்ஸ்ரே இயந்திரத்தைச் சுற்றி வந்தார்கள். சொட்டு மாறவில்லை. லஸ்ஹரைப் பற்றிக் கேட்டதும் நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"அவரா? அந்த பேட்ஜைக் கழட்டவே மாட்டாரு. கல்யாணத்துக்குக்கூட குத்திக்கிட்டு வருவாரு. எங்க மாமா ஒருத்தர் அது ஜனாதிபதி குடுத்த பதக்கம்னு நினைச்சு எழுந்து நின்னு கை குலுக்கினாரு."

"வீட்டுக்கும் எடுத்துட்டுப் போறாரா?" என்றாள் ஷத்லியா.

"தினமும். தொலைஞ்சுடும்னு பயம்."

அன்வரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேட்ஜை வேலை இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. விதியை மீறிய மனிதர் வீட்டில்தான் விஷயம் இருக்கிறது.

ஊர்க்கோடியில் இருந்தது வீடு. முற்றத்தில் துணி விரித்து, இலையும் காயுமாகக் கிடந்த ஆலிவைப் புடைத்துக்கொண்டிருந்தாள் லஸ்ஹரின் மனைவி மப்ரூக்கா. ஐந்து மாத வயிறு. அதைப் பார்த்ததும் ஷத்லியா நடையை எட்டிப் போட்டாள். லஸ்ஹர் பின்தோப்பில் ஏணி மீது நின்று, காய் உதிர்வதற்காக விரல்களில் ஆட்டுக்கொம்பு மாட்டிக் கிளையைச் சீவிக்கொண்டிருந்தார். ஆய்வகத்தின் பெயரைச் சொன்னதும் கொம்புகளைக்கூடக் கழற்றாமல் இறங்கி ஓடி வந்தார்.

"நீங்கதான் என் பேட்ஜைப் படிக்கிறவங்களா? வீடு தேடி வந்துட்டீங்களே! மப்ரூக்கா, டீ போடு!"

"டீ அப்புறம், லஸ்ஹர். வீட்டுக்கு வந்ததும் பேட்ஜை எங்க வெப்பீங்க?"

அவர் முகம் விழுந்தது. "எடுத்துட்டு வரக் கூடாதுன்னு தெரியும் மேடம். ஆனா..."

"அதைத் திட்ட வரலை. எங்க வெப்பீங்க?"

படுக்கையறைச் சுவரில் ஓர் ஆணியைக் காட்டினார். அங்கே அவர் கோட்டு தொங்கியது. ஷத்லியா அளவியை நீட்டியபடி நடந்தாள். கட்டிலருகே சொட்டு. அலமாரியருகே சொட்டு. ஆணியை நெருங்கினாள். சொட்டு தூறலாகி, தூறல் சட்டென்று தகரக் கூரையில் கொட்டும் மழையாகிவிட்டது. ஒரு முழம் தள்ளினால் மழை விட்டது. மறுபடி ஆணிக்கு நேரே கொண்டுவந்தால் பிடித்துக்கொண்டது.

"சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?" என்றார் அன்வர்.

"என் தம்பியோட வெல்டிங் கடை," என்றாள் மப்ரூக்கா.

இருவரும் வெளியே ஓடிச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைக்குள் புராவி, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரும்பு வெட்டும் எரிவாயு விளக்கின் சுவாலையைத் திருகிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வயது, மாடு மாதிரித் தோள். அவன் எதிரே, சுவரோரம், பழைய பெயின்ட் உரிந்த ஒரு கனத்த இரும்புக் குடம். அதன் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவு ஓர் ஓட்டை, சுவரைப் பார்த்தபடி இருந்தது.

"தம்பி, அந்த நெருப்பை அணை!" ஷத்லியாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"யாருக்கா நீங்க? வரி ஆபீசா?"

"அணைன்னு சொல்றேன்ல!"

அணைக்கவில்லை, தாழ்த்தினான். "மூடிப்போன தொழிற்சாலையில ஏலம் எடுத்த சாமான் அக்கா இது. திருட்டு மால் இல்லை. உள்ள முழுக்க ஈயம். லூஸாவுலேர்ந்து மீன்காரங்க வலைக்குக் குண்டு கேட்டு சாயங்காலம் வர்றாங்க. வெட்டி உருக்கணும், வேலை கெடக்கு."

அன்வர் முன்னால் வந்து, தொட்டியில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று வெளியிலிருந்தே பார்க்கத் தொழிற்சாலைகளில் இதை வைப்பார்கள், உள்ளே சீசியம் இருக்கிறது, அதன் காமாக் கதிர் இத்தனை ஆற்றல் கொண்டது என்று மூச்சுவிடாமல் சொன்னார். புராவி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"சார், ரெண்டு மாசமா இது இங்கதான் கெடக்கு. அது மேல உக்காந்துதான் ரொட்டி தின்னுறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே."

விளக்கு மறுபடி சீறியது. அன்வர் கோபத்தில் சிவந்தார். ஷத்லியா அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். பிறகு அளவியைப் புராவியிடம் நீட்டினாள்.

"இந்தா, நீயே பாரு. நான் சொல்றதை நம்ப வேணாம்."

அவன் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "இதுல இத்தாலி டிவி புடிக்குமா?"

"புடிக்குதான்னு பாரு. அந்த ஓட்டை முன்னாடி கை நீட்டு. ரொம்ப நேரம் வேணாம்."

நீட்டினான். அளவி அலறியது. திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். குடத்தின் பின்பக்கம் கொண்டுபோனான், சொட்டு குறைந்தது. முன்னால் கொண்டுவந்தான், அலறியது. இரும்போடு பழகிய கை அல்லவா, தானாகவே ஒரு தகட்டை எடுத்து ஓட்டைக்கும் அளவிக்கும் நடுவே பிடித்தான். அலறல் லேசாகத்தான் தாழ்ந்தது. இன்னொரு தகடு வைத்தான். அதையும் தாண்டி வந்தது.

"ரெண்டு தகடு... ஒரு விரல் கனம் இருக்கும். அதுக்குள்ள பூந்து வருது?" சிரிப்பு போய்விட்டது.

"சுவருக்குள்ளயும் பூந்து போகுது. அந்தப் பக்கம் உங்க அக்கா வீடு. உங்க மச்சான் பேட்ஜ் தொங்குற ஆணி இதுக்கு நேரே இருக்கு. இப்ப ஈயம் தடுத்துக்கிட்டு இருக்கு, அதனால இந்த ஓட்டை வழியா மட்டும்தான் வருது. நீ ஈயத்தை உருக்கிட்டா தடுக்க ஒண்ணும் இல்லை. உள்ள ஒரு சின்னக் குப்பி, அதுல உப்பு மாதிரி இருக்கும். நெருப்பு பட்டு அது உடைஞ்சா உன் கையில, தரையில, அக்கா புடைக்கிற ஆலிவுல, மீன்காரன் வலையில எல்லாத்துலயும் ஒட்டிக்கும்."

புராவி விளக்கை மூடினான். சிலிண்டரின் திருகையும் மூடினான். சரியாக மூடியதா என்று இன்னொருமுறை திருகிப் பார்த்தான். பிறகு குடத்தைவிட்டு நாலடி பின்னால் போய் நின்று, "அக்கா உள்ளதான் படுக்குது," என்றான், யாரிடமும் இல்லாமல்.

அதன்பிறகு அவன்தான் எல்லோரையும் வேலை வாங்கினான். நீளமான இரும்புக் கம்பியால் நெம்பி ஓட்டையை யாரும் போகாத பக்கம் திருப்பினான். கொண்டுபோயிருந்த ஈயத் தகடுகளை அன்வர் முன்னால் நிறுத்த, லஸ்ஹர் கல் சுமந்து வந்து அடுக்க, ஷத்லியா அளவியோடு சுற்றிச் சுற்றி வந்தாள். "இங்க ஒரு கல். இல்லை, இன்னும் இடப்பக்கம். போதும்." அரைமணியில் கடை வாசலில்கூடச் சொட்டு நிதானத்துக்கு வந்துவிட்டது. அன்வர் கடையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

மப்ரூக்கா முற்றத்தில் அப்படியே நின்றிருந்தாள். கையில் புடைக்கிற தட்டு. ஷத்லியா பக்கத்தில் போனதும் கேட்டாள்:

"அக்கா, ஆறு வருஷம் கழிச்சு வந்திருக்கு. அதுக்கு ஏதாச்சும் ஆயிருக்குமா?"

ஷத்லியா இருபத்திரண்டு வருடத்தில் லட்சக்கணக்கான முடிவுகளை எழுதியிருக்கிறாள். ஒன்றையும் ஒரு முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. ஒன்றும் ஆகாது, கவலைப்படாதே என்று சொல்லிவிட வாய் துடித்தது. சொல்லவில்லை. அளக்காமல் அவள் எதையும் சொன்னதில்லை.

ஆனால் கற்களை அடுக்கியாகிவிட்டதே. இனி அளந்தால் இப்போதைய அளவுதான் வரும், இரண்டு மாதத்து அளவு வராது. அவள் அன்வரிடம் போனாள். "டாக்டர், ஓட்டையைப் பழையபடி சுவர் பக்கம் திருப்பணும். கால்மணி நேரம். எல்லாரும் தோப்புக்குப் போயிடட்டும். நான் அறைக்குள்ள போய் அளக்கறேன்."

"நீங்க எதுக்கு? நான் போறேன்."

"நீங்க அவசரமா எழுதுவீங்க."

அன்வர் பையிலிருந்து கடைச் சாவியை எடுத்தார். பிறகு சிரித்தே விட்டார்.

குடம் திரும்பியது. ஷத்லியா படுக்கையறையில் தனியாக நின்றாள். தலையணை. கட்டிலின் இடப்பக்கம், வலப்பக்கம். அவள் உட்கார்ந்து தைக்கும் பாய். ஆணிக்கு நேரே மட்டும் மழை, கை அகலம் தாண்டினால் விட்டுவிடுகிறது. கட்டில் எதிர்ச் சுவரோரம் இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் பொறுமையாக நின்று எழுதினாள். வெளியே வந்து, எத்தனை மணிக்குப் படுப்பாய், எங்கே உட்காருவாய், கோட்டை யார் எடுத்து மாட்டுவது, தம்பி கடைக்குப் போவாயா என்று மப்ரூக்காவிடம் துருவித் துருவிக் கேட்டாள். மப்ரூக்கா கடைப்பக்கம் போவதே இல்லை, எண்ணெய் நாற்றம் குமட்டுகிறதாம். ஷத்லியா கிணற்றுச் சுவரில் நோட்டை வைத்துக் கூட்டினாள். ஒருமுறை. கீழிருந்து மேலாக இன்னொருமுறை. அன்வரிடம் கொடுத்து அவரையும் கூட்டச் சொன்னாள். இரண்டும் ஒன்றாக வந்தது.

பிறகுதான் மப்ரூக்காவின் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"கேளும்மா. வயித்துல இருக்கிற குழந்தைக்கு இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு டாக்டருங்க ஒரு அளவு வெச்சிருக்காங்க. அதை அஞ்சு பங்காப் பிரிச்சா, உனக்கு வந்தது ஒரு பங்குகூட முழுசா இல்லை. உன் பேட்ஜை நான் படிச்சிருந்தா ஏறெடுத்துக்கூடப் பாத்திருக்க மாட்டேன், அடுத்ததுக்குப் போயிருப்பேன்."

"நெசமா?"

"நான் நாலு இடத்துல அளந்தேன். ரெண்டு பேர் ரெண்டு தடவை கூட்டினோம். ஆறுதலுக்குச் சொல்றவளா இருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே."

மப்ரூக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளில் சாய்ந்து அழுதாள். லஸ்ஹர் அந்தப் பக்கம் திரும்பி நின்று ஆட்டுக்கொம்புகளை விரலிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆணியில் தொங்கிய பேட்ஜ் வாங்கியதில் பத்தில் ஒரு பங்குகூட அவர் உடம்பு வாங்கியிருக்கவில்லை. புராவிதான் எல்லோரையும்விட அதிகம் வாங்கியிருந்தான். அதிர்ஷ்டம், அவன் எப்போதும் ஓட்டைக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறான். ஸ்ஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அவன் இரண்டு கையும் காட்டி மூன்று தடவை கேட்டுக்கொண்டான்.

மறுநாளே கஃப்ஸா குழு பாதி வேலையில் திரும்பி வந்து குடத்தை ஈயப்பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனது. தொழிற்சாலையின் பழைய காகிதங்களைத் தேடியபோது இப்படி மூன்று குடங்கள் இருந்தது தெரிந்தது. அன்வர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏலத்தில் யார் எதை எடுத்தார்கள் என்று புராவிக்குத்தான் மனப்பாடம். அவனையே வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். ஒன்று பழைய இரும்புக் கடையில், டயர்களுக்கு அடியில் கிடந்தது. இன்னொன்று ஓர் எண்ணெய்ச் செக்கு ஆலையில் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்து நின்றது. இரண்டிலும் கதிர் வரும் ஓட்டையின் அடைப்பு மூடியே இருந்தது. நோன்பு பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் மூன்றாவதும் கைக்கு வந்து சேர்ந்தது. படிக்காமல் விட்ட நான்காவது படிகத்தைத் தலைநகரத்து நிபுணர்களுக்கு அனுப்பினார்கள். அவர்களும் பதினான்கு என்றே எழுதி அனுப்பினார்கள்.

பெருநாளன்று லஸ்ஹர் குடும்பம் ஸ்ஃபாக்ஸில் ஷத்லியா வீட்டு வாசலில் வந்து இறங்கியது. புதிதாகப் பிழிந்த எண்ணெய் ஒரு தகரம். ஷத்லியா உப்புக்கண்ட மீனும், வெங்காயமும் உலர்திராட்சையும் சேர்த்து ஒருநாள் முழுக்கக் கிளறிய குழம்பும் பரிமாறினாள். ஹமாதியின் அக்கா, அண்ணி, அவர்கள் வீட்டுக்காரர்கள் என்று வீடு நிறைந்திருந்தது. புராவி வாய் ஓயாமல் கதை சொன்னான். அவன் சொன்னதில் அளவி சைரனாகிவிட்டது, ஷத்லியா நெருப்பைக் கையாலேயே அடித்து அணைத்துவிட்டாள்.

"பொய் சொல்லாதடா," என்றாள் ஷத்லியா. "நான் கத்தினேன், அவ்வளவுதான்."

"கத்தினீங்களா? எங்க ராணுவத்துல சுபேதார்கூட அப்படிக் கத்தினதில்லை."

ஹமாதியின் அக்கா கையில் எடுத்த ரொட்டி அப்படியே நிற்க, "அடியே, இருபது வருஷமா நீ போட்டோ கழுவுற கடையில வேலை செய்யறேன்னுல்ல நினைச்சுக்கிட்டு இருக்கேன்!" என்றாள். வீடே சிரித்தது. ஹமாதி மட்டும் சிரிக்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பானையில் இருந்ததிலேயே பெரிய மீன் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தான். அத்தனை பேர் முன்னிலையில் அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல்தடவை.

சித்திரை வெயில் தொடங்கும் நேரத்தில் மப்ரூக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றேகால் கிலோ. லஸ்ஹர் மருந்தகத்திலிருந்து ஆய்வகத்துக்கே தொலைபேசியில் எடையைச் சொன்னார், கிராம் சுத்தமாக.

அந்த மாதத்து அறிக்கைகளை அச்சடித்துக் கொண்டுவந்து அன்வர் ஷத்லியாவின் மேசையில் வைத்தார். தலைவர் கையெழுத்துக்கு மேலே புதிதாக ஒரு வரி இருந்தது. "படித்தவர்:" என்று போட்டு, பக்கத்தில் கோடு.

"இது எதுக்கு, டாக்டர்?"

"படிச்சது நீங்க. நான் கையெழுத்து மட்டும் போடறேன். ரெண்டும் ஒண்ணில்லைன்னு எனக்கு ஜெபினியானாவுல புரிஞ்சுது. போடுங்க."

போட்டாள். மூவாயிரம் அறிக்கை, மூன்று நாள் ஆயிற்று. கட்டைவிரல் வீங்கிவிட்டது. ஒன்றிலும் கிறுக்கவில்லை. முழுப்பெயரையும் எழுதினாள்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை பதினான்கு வருடம் வேலை பார்த்தாள். புராவியின் புண்ணியத்தில் அந்த வட்டாரத்தில் யாருக்காவது கனமான, அடையாளம் தெரியாத இரும்பு கிடைத்தால் அதை வெட்டுவதற்கு முன்னால் ஆய்வகத்துக்குத் தகவல் வந்துவிடும். ஷத்லியா வாடகைக் காரில் இடம் பிடித்து, மடியில் அளவியோடு போவாள். ஒருமுறை மஹ்தியா பக்கம் ஒரு கிராமமே தெருவைக் கயிறு கட்டி மறித்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தது. போய்ப் பார்த்தால் பழைய லாரியின் கியர்ப்பெட்டி. ஊர்ப் பெரியவர் வெட்கத்தில் நெளிந்தார்.

"வீணா உங்களை அலைய விட்டுட்டோம்மா."

"இதுக்குத்தான் வர்றேன், ஐயா. ஒண்ணும் இல்லைன்னு சொல்லவும் அளந்து பாக்கணும்ல."

கியர்ப்பெட்டியை நாலு பக்கமும் நிதானமாக அளந்தாள். நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டுத் தாளைக் கிழித்துப் பெரியவர் கையில் கொடுத்தாள். கயிற்றை அவிழ்க்கச் சொன்னாள்.